பதினான்கு மாதங்கள்
(குடியுரிமைச் சட்டங்களில் வெளிநாட்டு வாசம் பற்றி ஓர் ஆய்வு)

இளங்கலை வரலாறு, மூன்றாம் ஆண்டு மாணவன்

முன்னுரை

குடியுரிமை என்பது நம் வகுப்பில் ஒரே வாரத்தில் முடிந்துவிடும் பாடம். பிறப்பு, வம்சாவளி, பதிவு, இயல்புக் குடியுரிமை, பிரதேச இணைப்பு என ஐந்து வழிகளை வரிசையாக எழுதத் தெரிந்தால் தேர்வில் ஐந்து மதிப்பெண் கிடைக்கும். நானும் அவ்வாறு எழுதி மதிப்பெண் பெற்றவன்தான். அந்த ஐந்து வழிகளுக்குள் என் குடும்பத்தின் கதை புதைந்து கிடப்பதை, என் தமக்கையார் கனடாவிலிருந்து தொலைபேசியில் பேசிய ஒரு மாலைப்பொழுதில்தான் அறிந்தேன்.

எங்கள் வீடு வண்டலூரில் இரயில் ஓசை கேட்கும் தொலைவில் இருக்கிறது. அக்கா 2023 மே மாதம் கணவருடன் நிரந்தரவாசி என்னும் தகுதியில் கனடா சென்றவர். அவர் கருவுற்றிருக்கும் செய்தி வந்தவுடன், தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்று அம்மா உறுதியாகச் சொல்லிவிட்டார். அக்காவோ, "வர எனக்கும் ஆசைதாம்மா. ஆனா ஆறு மாசம் அங்க வந்து இருந்துட்டா, பின்னாடி சிட்டிசன்ஷிப்புக்கு என்ன ஆகும்னு தெரியலையே" என்றார்.

கட்டிலில் படுத்திருந்த தாத்தா எழுந்து உட்கார்ந்தார். எண்பத்தைந்து வயதைக் கடந்தவர். வீட்டுப் பேச்சில் அதிகம் கலந்துகொள்ளாதவர். "எத்தனை மாசம்னு கேளுப்பா. பன்னெண்டு மாசத்துக்கு மேல போச்சுன்னா அறுந்துபோயிரும்" என்றார்.

என்ன அறுந்துபோகும் என்று கேட்டேன். பரணில் இருந்த தகரப் பெட்டியை இறக்கச் சொன்னார். அதனுள் பழுப்பேறிய ஆங்கிலக் கடிதம் ஒன்று இருந்தது. என் கொள்ளுத் தாத்தாவின் குடியுரிமை மனு தள்ளப்பட்டது என்று இலங்கையிலிருந்து 1956ஆம் ஆண்டில் எழுதப்பட்ட கடிதம் அது. காரணம் ஒரே வரியில் இருந்தது. அவர் இந்தியாவில் தொடர்ந்து பதினான்கு மாதங்கள் தங்கியிருந்தமையால் அவருடைய இலங்கை வாசம் தடைப்பட்டதாகக் கருதப்பட்டது.

அந்த ஒரு வரியைப் புரிந்துகொள்ள நான் மேற்கொண்ட முயற்சியே இக்கட்டுரை.

வாசத்தை அளக்கும் இரு முறைகள்

ஒரு நாட்டில் பிறவாதவன் அந்நாட்டுக் குடிமகனாக வேண்டுமானால், அவன் அங்கே சில ஆண்டுகள் வாழ்ந்திருக்க வேண்டும் என்பது ஏறத்தாழ எல்லா நாடுகளும் ஏற்றுக்கொண்ட விதி. இதில் நியாயம் உண்டு. ஒரு மண்ணில் நெடுங்காலம் உழைத்து, அதன் நன்மை தீமைகளில் பங்கு கொண்டவனுக்கே அதன் ஆட்சியிலும் பங்கு இருக்க வேண்டும். உரிமைச் சீட்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வேறு நாட்டில் வாழ்பவனை எந்த அரசும் ஐயத்துடன்தான் பார்க்கும்.

ஆனால், வாழ்ந்த காலத்தை அளப்பது எப்படி? மனிதன் மரமல்லன், நட்ட இடத்திலேயே நிற்பதில்லை. திருமணத்துக்கும் பிரசவத்துக்கும் இறப்புக்கும் நோய்க்கும் பிறந்த ஊருக்குப் போய் வருவான். அவ்வாறு போய்வந்த நாள்களை என்ன செய்வது? சட்டங்கள் இதற்கு இரண்டு முறைகளைக் கையாளுகின்றன.

ஒன்றைக் 'கூட்டும் முறை' எனலாம். குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் மனுதாரர் நாட்டில் இருந்த நாள்களையெல்லாம் கூட்டிப் பார்ப்பது இம்முறை. வெளியில் இருந்த நாள்கள் கழிக்கப்படும். இருந்த நாள்கள் அப்படியே நிற்கும். மற்றொன்றை 'அறுக்கும் முறை' எனலாம். வாசம் ஒரே நூலாக நீண்டிருக்க வேண்டும். குறித்த கெடுவுக்கு மேல் வெளியில் தங்கினால் நூல் அறுந்துவிடும். அதற்கு முன் வாழ்ந்த ஆண்டுகள் எத்தனையாயினும் அவை கணக்கில் வாரா.

இவ்விரண்டு சொற்களும் நான் இட்ட பெயர்களே. தாத்தா சொன்ன 'அறுந்துபோயிரும்' என்ற சொல்லிலிருந்துதான் இரண்டாவது பெயரை எடுத்துக்கொண்டேன். பத்தாண்டா ஐந்தாண்டா என்பதையே நாம் பெரிதாகப் பேசுகிறோம். ஆண்டுகளின் எண்ணிக்கையைவிட எண்ணும் முறையே ஒரு குடும்பத்தின் தலைவிதியைத் தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையில் நான் நிறுவ விரும்பும் கருத்து.

இலங்கையின் இரு சட்டங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதி முதல், திருச்சி, புதுக்கோட்டை, சேலம், மதுரை, இராமநாதபுரம், தஞ்சாவூர் முதலிய பகுதிகளிலிருந்து தமிழர்கள் கங்காணிமார்களால் இலங்கையின் காப்பித் தோட்டங்களுக்கும், பின்னர்த் தேயிலைத் தோட்டங்களுக்கும் அழைத்துச் செல்லப்பட்டனர். 1946ஆம் ஆண்டின் மக்கட்கணக்கின்படி அங்கிருந்த இந்தியத் தமிழர் ஏறக்குறைய 7,80,000 பேர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரசின் சார்பில் 7 பேர் நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

1948 பிப்ரவரியில் நாடு விடுதலை பெற்றது. அவ்வாண்டு நவம்பர் 15ஆம் நாள் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் அங்கே பிறந்திருக்க வேண்டும், அல்லது தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்திருக்க வேண்டும் என்றது அச்சட்டம். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு செல்லும் நம் வழக்கத்தை இங்கே நினைத்துப் பாருங்கள். தோட்டத்தில் வாழ்ந்த பெண் பிள்ளை பெறத் தமிழ்நாட்டுக்கு வந்து, குழந்தையோடு திரும்பிப் போயிருந்தால், அந்தக் குழந்தைக்கு மட்டுமின்றி, அதற்குப் பின்னாளில் பிறக்கப்போகும் பிள்ளைக்கும் வம்சாவளிச் சங்கிலி அறுந்துவிடும்.

இச்சட்டத்தால் வெளியே தள்ளப்பட்டவர்களுக்காக 1949ஆம் ஆண்டில் இந்திய, பாகிஸ்தானிய வாசிகளின் குடியுரிமைச் சட்டம் கொண்டுவரப்பட்டது. நம் ஆய்வுக்கு இதுவே முதன்மையானது. 1946 சனவரி 1ஆம் நாளுக்கு முன், மணமானவராயின் 7 ஆண்டுகளும், மணமாகாதவராயின் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடையறாது வசித்திருக்க வேண்டும். அந்நாளுக்குப் பின்னும் மனுச்செய்யும் நாள்வரை வாசம் அறாதிருக்க வேண்டும். எந்த ஒரு முறையும் 12 மாதங்களுக்கு மேற்படாமல் வெளியே சென்று வந்திருந்தால் அதனால் பாதகமில்லை; மேற்பட்டால் தொடர்ச்சி போயிற்று. மனுதாரரோடு அவருடைய மனைவியின் வாசமும், வயது வராத பிள்ளைகளின் வாசமும் ஆராயப்பட்டன. மனுச்செய்ய 1951 ஆகஸ்டு 5 வரை கெடு அளிக்கப்பட்டது.

அந்த ஏழாண்டுகள் எவை என்று நோக்குவோம். 1946 தொடக்கத்திலிருந்து ஏழாண்டு பின்னோக்கிச் சென்றால் 1939 தொடக்கம் வருகிறது. அதாவது, இரண்டாம் உலகப் போர் நடந்த ஆண்டுகளே சோதனைக்குரிய ஆண்டுகளாகிவிட்டன. 1939 ஆகஸ்டு 1 முதல் இந்திய அரசு தொழிலாளர்கள் இலங்கைக்குக் குடிபெயர்வதைத் தடை செய்தது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. அச்சத்தால் ஊர் திரும்பியவர்கள் பலர். ஓடியவன் போர் முடியட்டும் என்று ஓராண்டுக்கு மேல் ஊரில் தங்கியிருந்தால், அவன் வாழ்ந்த இருபது ஆண்டும் வீணாயிற்று.

இந்த விதிக்கு இன்னொரு கடுமையும் உண்டு. கணக்குத் தொடங்கும் நாள் 1946 சனவரி 1 என்று நிலையாகக் குறிக்கப்பட்டுவிட்டது. நாள் நகருமாயின், ஒருமுறை நூல் அறுந்தவனும் பொறுத்திருந்து, புதிதாக ஏழாண்டு வாழ்ந்து, மீண்டும் மனுச்செய்யலாம். நாள் நிலைத்து நின்றமையால் அறுந்த நூலை முடிச்சிடவும் வழியில்லாமற் போயிற்று.

முடிவு என்னவாயிற்று? ஏறக்குறைய 2,37,000 மனுக்கள் வந்தன. அவை எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோரை உள்ளடக்கியவை. அவர்களுள் குடியுரிமை பெற்றவர் ஏறத்தாழ 1,34,000 பேரே. மறுக்கப்பட்டவற்றுக்கெல்லாம் வெளிநாட்டு வாசமே காரணம் என்று நான் கூறவில்லை. சான்று போதாமை, வருமானம் போதாமை முதலிய காரணங்களும் இருந்தன. ஆயினும் இடையறாத வாசத்தை நாள்வாரியாக மெய்ப்பிக்குமாறு எழுத்தறியாத மக்களிடம் கேட்டதே பெருந்தடையாக நின்றது. இதற்கிடையே 1949ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டத்தால் வாக்குரிமையும் பறிபோனது. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் அம்மக்களின் பிரதிநிதியாக ஒருவர்கூட நாடாளுமன்றம் செல்லவில்லை. இச்சட்டங்களை எதிர்த்து நடந்த கோடாக்கன் பிள்ளை வழக்கில், 1953ஆம் ஆண்டு இலண்டன் பிரிவி கவுன்சில் இவை செல்லும் என்றே தீர்ப்பளித்தது.

எங்கள் வீட்டுக் கணக்கு

என் கொள்ளுத் தாத்தா துறையூருக்கு அருகிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தவர். 1926ஆம் ஆண்டு, பதினான்கு வயதில், கங்காணியோடு மண்டபம் முகாமில் தங்கிக் கப்பலேறியவர். அட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை செய்தார். 1938இல் மணம் புரிந்தார். 1939 ஏப்ரலில், தங்கையின் திருமணத்துக்காகவும் மனைவியின் தலைப்பிரசவத்துக்காகவும் இருவரும் ஊர் வந்தனர். திசம்பரில் பிள்ளை பிறந்தது. அந்தப் பிள்ளைதான் என் தாத்தா. பிரசவத்துக்குப் பின் தாய்க்குக் காய்ச்சல் கண்டு, தேறி எழ மாதங்கள் ஆயின. 1940 சூனில்தான் குழந்தையோடு தோட்டம் திரும்பினர். ஆக, பதினான்கு மாதங்கள்.

1951இல் மனு எழுதும்போது, இந்தியா போய்வந்த தேதிகளைக் குறிக்க வேண்டியிருந்தது. மனு எழுதிக் கொடுத்தவர், "பதினொரு மாதம் என்று போட்டுவிடுகிறேன், யாருக்குத் தெரியப்போகிறது?" என்று கேட்டாராம். கொள்ளுத் தாத்தா இசையவில்லை. "எங்க அய்யா, 'போனது போனதுதான், அதை ஏன் மாத்தணும்'னு சொல்லிட்டாரு" என்று தாத்தா சொன்னார்.

1940 சூன் முதல் 1945 இறுதிவரை எண்ணினால் ஐந்தாண்டு ஏழு மாதம். சட்டம் கேட்டது ஏழாண்டு. 1926 முதல் 1939 வரை அவர் அங்கு உழைத்த பதின்மூன்று ஆண்டுகள் அந்தப் பதினான்கு மாதங்களின் மறுபக்கத்தில் நின்றுவிட்டன, கணக்கில் சேரவில்லை.

தாத்தா இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. "நான் அங்க வந்து பொறந்ததாலதான் இதெல்லாம்" என்றார். எண்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு மனிதர் தாம் பிறந்ததையே குற்றமாகச் சுமந்திருக்கிறார் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

1964 அக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. நாடற்றவர் எனக் கணக்கிடப்பட்ட 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென்று முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேரை 1974ஆம் ஆண்டு ஒப்பந்தம் இரு நாடுகளுக்கும் சரிபாதியாகப் பிரித்தது. எங்கள் குடும்பம் 1970இல் தலைமன்னாரிலிருந்து இராமேசுவரம் வந்து, தாயகம் திரும்பியோருக்காக அரசு நடத்திய தேயிலைத் தோட்டத்தில் வேலை பெற்று நீலகிரி சென்றது. கொள்ளுத் தாத்தா கோத்தகிரியில் காலமானார். மறைமலை நகரில் வேலை கிடைத்து என் தந்தையார் வந்ததால், நாங்கள் வண்டலூர்க்காரர்கள் ஆனோம்.

அதே மனிதர், வேறு சட்டங்கள்

இங்கே ஒரு சோதனை செய்து பார்த்தேன். என் கொள்ளுத் தாத்தாவின் அதே வாழ்க்கையை, அதே பதினான்கு மாத இடைவெளியை, வேறு நாடுகளின் விதிகளில் வைத்துக் கணக்கிட்டேன். கணக்கு எளிதாதற்பொருட்டு எல்லாவற்றுக்கும் 1946 சனவரி 1 என்னும் நாளையே எல்லையாகக் கொண்டேன்.

(அ) பர்மா: 1947ஆம் ஆண்டு பர்மிய அரசியலமைப்பின் 11ஆம் பிரிவு, பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதிகளில் பிறந்து, பத்தாண்டுகளுக்குள் எட்டாண்டு பர்மாவில் வசித்து, அங்கேயே நிலையாக வாழ விரும்புவோர் குடியுரிமை கோரலாம் என்றது. பத்தாண்டில் 14 மாதத்தைக் கழித்தால் எஞ்சுவது எட்டாண்டு பத்து மாதம். தகுதி உண்டு.

(ஆ) மலேசியா: அந்நாட்டு அரசியலமைப்பின் 19ஆம் பிரிவு, இயல்புக் குடியுரிமைக்குப் பன்னிரண்டு ஆண்டுகளுள் மொத்தம் பத்தாண்டு வாசத்தையும், அதில் இறுதிப் பன்னிரண்டு மாத வாசத்தையும் கேட்கிறது. எஞ்சுவது பத்தாண்டு பத்து மாதம். தகுதி உண்டு.

(இ) இந்தியா: நமது 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, இன்றுள்ளபடி, இயல்புக் குடியுரிமை கோருபவர் இறுதிப் பன்னிரண்டு மாதங்கள் தொடர்ந்து இங்கே இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு முந்திய பதினான்கு ஆண்டுகளுள் மொத்தம் பதினோராண்டு இருந்திருக்க வேண்டும் என்பது பொது விதி. 14 மாதம் கழித்தாலும் பன்னிரண்டு ஆண்டு பத்து மாதம் எஞ்சுகிறது. வாச அளவில் குறைவில்லை.

மூன்று விதிகளிலும் தேறுகின்ற மனிதர், நான்காவதில் மட்டும் தவறிவிட்டார். வேறுபாடு மனிதரிடத்தில் இல்லை. எண்ணும் முறையில் இருக்கிறது.

பர்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தப் பத்தாண்டை 1948இலிருந்து மட்டுமன்றி, விரும்பினால் 1942 சனவரி 1ஆம் நாளிலிருந்தும் பின்னோக்கி எண்ணிக்கொள்ள அச்சட்டம் இடம் தந்தது. ஜப்பானியப் படையெடுப்பின்போது இலட்சக்கணக்கான இந்தியர் கால்நடையாகவே இந்தியாவுக்கு ஓடிவந்தனர் என்பதை நாம் அறிவோம். போரினால் ஏற்பட்ட இல்லாமையைக் குற்றமாகக் கருதாமல் விட ஒரு வழி அதனுள் இருந்தது. எனினும், நல்ல விதி மட்டும் மக்களைக் காத்துவிடாது. 1962இல் இராணுவ ஆட்சி வந்து கடைகளும் தொழில்களும் அரசுடைமையான பின், அங்கிருந்த தமிழர் பலர் வெறுங்கையோடு திரும்பினர். சென்னைக் கடற்கரை இரயில் நிலையத்துக்கு எதிரிலுள்ள பர்மா பஜார் அதன் அடையாளமாக இன்றும் நிற்கிறது.

இன்றைய நாடுகளில்

நம் கல்லூரியில் படித்தவர்கள் பலர் இன்று வெளிநாடுகளில் நிரந்தரவாசிகளாக இருக்கின்றனர். அவர்களுக்கும் இதே கேள்வி எழுகிறது. ஆதலால் சில நாடுகளின் பொது விதிகளைச் சுருக்கமாகத் தருகிறேன்.

கனடா கூட்டும் முறையைப் பின்பற்றுகிறது. மனுச்செய்யும் நாளுக்கு முந்திய ஐந்தாண்டுகளுள் 1,095 நாள்கள் அந்நாட்டில் இருந்திருக்க வேண்டும். நிரந்தரவாசித் தகுதியைத் தக்கவைத்துக்கொள்ள ஐந்தாண்டுகளுள் 730 நாள்கள் போதும்.

ஆஸ்திரேலியா நான்காண்டுச் சட்டபூர்வ வாசத்தைக் கேட்கிறது. அதில் இறுதி ஓராண்டு நிரந்தரவாசியாக இருந்திருக்க வேண்டும். அந்நான்காண்டுகளில் மொத்தமாகப் பன்னிரண்டு மாதத்துக்கு மேலும், இறுதி ஓராண்டில் 90 நாளுக்கு மேலும் வெளியே இருத்தல் ஆகாது. பிரிட்டனில் ஐந்தாண்டுகளுள் 450 நாள், இறுதி ஓராண்டில் 90 நாள் என்பன பொதுவான வரம்புகள். அங்கே நிலையான வாசத்துக்கு அனுமதி பெற்றவர் தொடர்ந்து இரண்டாண்டுக்கு மேல் வெளியே தங்கினால், பொதுவாக அந்த அனுமதியே காலாவதியாகிவிடும்.

அமெரிக்கா இரு முறைகளையும் கலந்து கையாளுகிறது. ஐந்தாண்டுத் தொடர் வாசமும் வேண்டும். அதனுள் முப்பது மாதம் உடலளவில் அங்கே இருந்திருக்கவும் வேண்டும். ஒரே பயணத்தில் ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால், தொடர்ச்சி அறுந்ததென்றே முதலில் கொள்ளப்படும். அறவில்லை என்று காட்டும் பொறுப்பு மனுதாரருடையது. ஓராண்டை எட்டினால் தொடர்ச்சி அறுந்துவிடும். சில வகை வேலைகளில் இருப்போர் முன்னரே அனுமதி பெற்றால் மட்டும் விலக்கு உண்டு. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மறுநுழைவு அனுமதிச் சீட்டு, திரும்பி உள்ளே செல்லத்தான் உதவும். குடியுரிமைக்கான தொடர்ச்சியை அது காப்பதில்லை. ஆயினும் அங்கே கணக்கு நாள் நகர்கிறது. அறுந்தவர் திரும்பிச் சென்று, மீண்டும் ஆண்டுகளை நிரப்பி மனுச்செய்யலாம். 1949ஆம் ஆண்டு இலங்கைச் சட்டத்தில் இல்லாத ஆறுதல் இது.

இவற்றைப் படித்தபின் அக்காவின் கேள்விக்கு விடை எளிதாயிற்று. ஆறு மாதம் இங்கே தங்கினால் அவருடைய 1,095ஆம் நாள் ஆறு மாதம் தள்ளிப்போகும், வேறொன்றும் நேராது. தாத்தாவுக்கு இதை விளக்கினேன். "அப்ப முன்னாடி இருந்த நாளு அழியாதா?" என்று இரண்டு முறை கேட்டார். அழியாது என்றேன்.

இல்லாமையைப் பொறுத்த சட்டம்

இலங்கையின் கதை 1949ஓடு முடிந்துவிடவில்லை. நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்க 1986, 1988 ஆகிய ஆண்டுகளில் சட்டங்கள் வந்தன. 2003ஆம் ஆண்டில், 1964 அக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வாழ்ந்துவரும் இந்திய வம்சாவளியினருக்கும் அவர்தம் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கச் சட்டம் இயற்றப்பட்டது.

அப்போதும் ஒரு சாரார் விடுபட்டனர். இனக்கலவரங்களுக்கும் போருக்கும் அஞ்சித் தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்துவிட்ட மலையகத் தமிழர்கள், இலங்கையில் நிரந்தரமாக 'வாழ்ந்துவருபவர்' என்னும் சொல்லுக்குள் அடங்கவில்லை. உயிருக்கு அஞ்சி வெளியேறியதே அவர்களுக்குத் தடையாயிற்று. 2009ஆம் ஆண்டில் அச்சட்டம் திருத்தப்பட்டது. நாட்டின் குழப்பநிலையால் இந்தியாவுக்குச் செல்ல நேர்ந்தவர்களும் குடியுரிமை பெறலாம் என்று வழி திறந்தது. அறுபது ஆண்டுகளுக்கு முன் பதினான்கு மாதத்தைப் பொறுக்காத அதே நாட்டின் சட்டநூல், பல்லாண்டு இல்லாமையைப் பொறுத்துக்கொண்டது. மனிதன் வெளியே இருந்தான் என்பதை மட்டும் பாராமல், ஏன் வெளியே இருந்தான் என்று கேட்கவும் சட்டத்தால் இயலும் என்பதற்கு இது சான்று.

நமது நாட்டிலும் சிறு அளவில் இத்தகைய இடம் உண்டு. பதிவு முறையில் குடியுரிமை கோருவோர் சிலருக்கு வேண்டிய பன்னிரண்டு மாத வாசத்தில், சிறப்புக் காரணங்கள் இருந்தால், அவற்றை எழுத்தில் பதிந்து முப்பது நாள் வரை தளர்த்தலாம் என 2015ஆம் ஆண்டுத் திருத்தம் கூறுகிறது.

மறுபக்கமும் பார்த்தல் வேண்டும்

ஒருபக்கம் மட்டும் பேசுவது ஆய்வாகாது. அன்றைய இலங்கை அரசு, தோட்டத் தொழிலாளரின் பற்று இந்தியாவிடமே இருக்கிறது, போக்கும் வரவுமாக இருப்பவர்களை நிலையான குடிகளாகக் கொள்ள இயலாது என்று வாதிட்டது. நிலமிழந்த கண்டிச் சிங்கள விவசாயிகளின் அச்சமும் அதன் பின்னால் இருந்தது. நாட்டின்மேல் பற்று இருக்கிறதா என்று ஓர் அரசு கேட்பதில் தவறில்லை.

பற்றை அளக்க எடுத்துக்கொண்ட கோலில்தான் தவறு இருக்கிறது. நோயுற்ற மனைவியை விட்டுவிட்டு ஓடிவந்தவன் பன்னிரண்டு மாதக் கெடுவுக்குள் வந்திருப்பான். சட்டத்தின் கண்ணில் அவனே பற்றுடையவன். உடனிருந்து பார்த்து, தேறியபின் மனைவியையும் மகனையும் அழைத்துக்கொண்டு மீண்டும் அதே தோட்டத்துக்கு வந்து, மேலும் முப்பது ஆண்டுகள் உழைத்தவன் பற்றில்லாதவன் ஆனான். அவன் போனதை எண்ணிய சட்டம், திரும்பி வந்ததை எண்ணவில்லை.

முடிவுரை

இதுகாறும் கண்டவற்றால் மூன்று செய்திகள் விளங்கும். முதலாவது, வாசத்தைக் கூட்டும் சட்டம் வேறு, அறுக்கும் சட்டம் வேறு. வெளிநாட்டில் குடியமர எண்ணும் நம் நண்பர்கள் எத்தனை ஆண்டு என்று கேட்பதோடு, எவ்வாறு எண்ணுவர் என்றும் கேட்க வேண்டும். இரண்டாவது, நிரந்தரவாசித் தகுதியைக் காக்கும் விதியும் குடியுரிமை பெறும் விதியும் ஒன்றல்ல. ஒன்றில் தப்பியவர் மற்றொன்றில் தவறக்கூடும். மூன்றாவது, சென்ற நாளையும் திரும்பிய நாளையும் தவறாமல் எழுதி வைத்துக்கொள்ளுதல் நலம். விதிகள் அடிக்கடி மாறுவன ஆதலின், புறப்படுமுன் அன்றைய விதியைப் பார்த்துக்கொள்வதும் இன்றியமையாதது.

அக்கா வளைகாப்புக்கு வந்து நாற்பது நாள் தங்கிச் சென்றார். பிரசவத்துக்கு அம்மாவே அங்குச் சென்றார். நாள் கணக்குக்கு அஞ்சியன்று; அங்கே பிறக்கும் குழந்தை பிறப்பாலேயே அந்நாட்டுக் குடியாகும் என்பதனால் அக்காவும் அத்தானும் எடுத்த முடிவு அது. தாய்வீட்டில் தலைப்பிரசவம் நடக்கவில்லையே என்று அம்மாவுக்குக் குறைதான். குறை சொல்லிக்கொண்டேதான் விமானம் ஏறினார்.

எங்கள் வீட்டருகே இரவில் இராமேசுவரம் வண்டி கடந்துபோகும். அக்காலத்தில் எழும்பூரிலிருந்து தனுஷ்கோடிக் கப்பலுக்குப் பயணிகளைக் கொண்டுசென்ற 'போட் மெயில்' ஓடிய வழி இதுவே. பெண் குழந்தை பிறந்த செய்தி வந்த இரவும் தாத்தா அந்த வண்டியின் ஓசை கேட்டு விழித்திருந்தார். தகரப் பெட்டியைத் திறந்து, பழைய கடிதத்தின் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து என்னிடம் நீட்டினார். "பிள்ளை பொறந்த தேதி, ஊரு, அக்கா வந்த தேதி, போன தேதி, எல்லாத்தையும் எழுதி இதுலயே வை. உள்ளதை உள்ளபடி எழுது" என்றார்.

உள்ளபடியே எழுதி வைத்திருக்கிறேன்.